வெதுவெதுப்பு என்று நீ சொன்ன வெந்நீர்

பிஸ்கட்டவே,
ஞாயிறு காலை

அன்பு மகள் யாமினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கு நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன் என்று வழக்கமாக எழுதும் அடுத்த வரியை இம்முறை எழுத இயலவில்லை. நீ நலமாக இல்லை என்பதை நேற்று வீடியோ அழைப்பில் நானே பார்த்துவிட்டேன். நான் பேசத் தொடங்கியதும், "அப்பா, நீங்க பேசினாலே ஆடிட் மாதிரி இருக்கு, சொல்றதை எழுதி அனுப்புங்க, படிக்கிறேன், ப்ராமிஸ்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மருந்துத் தொழிற்சாலைகளில் தரத் தணிக்கை செய்பவன் என்பதால் அந்தச் சொல்லைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே எழுதுகிறேன். வாக்குக் கொடுத்தபடி கடைசி வரி வரை படி.

முதலில், நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீ வழக்கமான இஞ்சித் தண்ணீரில் கால் வைத்தபடி அம்மாவிடம் பொங்கல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். தமிழ்ச் சங்க விழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் தன் பொறுப்பு என்றும், கோபாலசாமி அங்கிள் இப்போதே இரண்டு முறை முந்திரி நிறையப் போடச் சொல்லி நினைவூட்டிவிட்டார் என்றும் அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் உன் முகம் மங்கியது. தொலைபேசியின் கேமரா மேல் ஆவி படிந்திருந்தது. "ஏண்டி, இப்படி ஆவி பறக்கறதே" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா, ஜஸ்ட் வார்ம்தான், ஓவரா வொர்ரி பண்ணாதீங்க" என்றாய். நீ காலை வெளியே எடுத்தபோது கணுக்கால் வரை பீட்ரூட் போலச் சிவந்திருந்தது. விரல்கள் மட்டும் மெழுகு போல வெளுத்திருந்தன. வலது காலின் இரண்டாம் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் தண்ணீரில் கழன்றுபோய், நுனியில் ஓரம் கறுத்த ஒரு சிறு புண் தெரிந்தது. புது ஷூ கடித்தது என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடினாய். ஷூ விரலின் மேற்புறத்தைக் கடிக்கும், குதிகாலைக் கடிக்கும். நுனியைக் கறுக்கச் செய்யாது. ஆனால் என்னை இரவெல்லாம் உட்கார வைத்தது அந்தப் புண் இல்லை. அந்தத் தண்ணீர் கொதிக்கிறது என்பது மூவாயிரம் மைலுக்கு இப்பால், நாட்டின் இந்தக் கரையில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்தது, அதில் கால் வைத்திருந்த உனக்குத் தெரியவில்லை. சூடு தெரியாத காலை வைத்துக்கொண்டு நீ சூட்டால் வைத்தியம் செய்துகொண்டிருக்கிறாய்.

உனக்கு இந்த வெந்நீர் வைத்தியம் சொன்ன சீன மருத்துவர் லின் அம்மையாரை நான் பழிக்கப்போவதாக நினைத்திருப்பாய். இல்லை. கல்லூரியில் படித்தபோது உன் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பதைக் காட்டியதற்கு மருத்துவர் கையுறை அணியச் சொல்லி அனுப்பிவிட்டார். இந்த அம்மையாரோ இரு கை நாடியையும் பொறுமையாகப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உள்ளிருக்கும் வெப்பம் கைகால் நுனி வரை சென்று சேரவில்லை என்று உனக்கு விளங்கும்படி சொன்னார். உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர் என்று நீ சொன்னதை மறுக்க மாட்டேன். அவர் கொடுத்த கஷாயத்தில் சேரும் சரக்குகளைத் தேடிப் படித்தேன். இலவங்கப்பட்டையின் இளங்குச்சி, அதிமதுரம், ஒருவகை இலந்தைப்பழம் இவையெல்லாம் நம் அடுக்களைக்கு அந்நியம் இல்லை. அந்த வாசனை நம் வீட்டுக் கஷாயம் போலவே இருக்கிறது என்று சொல்லி அம்மாவும் நீயும் சிரித்தது நினைவிருக்கிறது. ஆனால் வாசனை பழகியது என்பதால் அது மருந்து இல்லை என்று ஆகிவிடாது. அவ்வகைக் கஷாயத்தில் சில நேரம் சேரும் ஒரு வேர், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் கொண்ட செடிக்குடும்பத்தைச் சேர்ந்தது. உன் பொட்டலத்தில் அது உண்டா இல்லையா என எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கேட்டு எழுதி வாங்கு. அதைவிட முக்கியமாக, புண் வந்ததை அவரிடம் சொன்னாயா? என் ஊகம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெந்நீரையும், விரலருகே மூலிகைத் திரி கொளுத்திக் காட்டும் அந்தச் சிகிச்சையையும் அவரே நிறுத்தியிருப்பார். எங்களிடம் ஷூ என்றாய், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மருத்துவமோ நம்முடையதோ, போர்வைக்குள் இருக்கும் விரலுக்கு எதுவும் செய்ய இயலாது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது இது. உன் வீட்டருகே ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குப் போய்ப் புண்ணைக் காட்டு. கால் மரத்துப்போயிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல், கஷாயப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போ. விரல் வெளுப்பது தனியே வருவதும் உண்டு, உடலில் வேறொரு நோய் தொடங்குவதன் அடையாளமாக வருவதும் உண்டு. எது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எதுவாயினும் காத்திருந்தால் விரல் நமக்காகக் காத்திருக்காது. நீ கார் ஓட்டாதே. பிரேக்கை மிதிப்பது அந்த வலது கால்தான், எவ்வளவு அழுத்துகிறாய் என்பதை அது உனக்குச் சொல்லாது. உன்னுடன் தங்கியிருக்கும் வெண்பாவை ஓட்டச் சொல். மருத்துவர் அனுமதிக்கும்வரை காலை எந்தத் தண்ணீரிலும் வைக்காதே. பிறகு வைத்தாலும், முதலில் முழங்கையை வைத்துப் பார். நீ பிறந்த புதிதில் உன் குளியல் தண்ணீரை நான் அப்படித்தான் பார்ப்பேன். தெர்மாமீட்டர் வாங்கி வந்த பிறகும் அப்படித்தான் பார்த்தேன்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீ வந்தபோது நடந்ததையும் எழுதாமல் விட இயலாது. தரையின் குளிர் காலில் ஏறக் கூடாது என்று அந்த அம்மையார் சொல்லி நீ கொண்டுவந்த கம்பளிச் செருப்பை, வீட்டுக்குள் காலணி இல்லை என்ற விதியைச் சொல்லி கராஜிலேயே விடச் செய்தேன். நீ சோபாவில் காலை மடித்து உட்கார்ந்தே இருந்தாய். அதற்கும் ஒரு குறை சொன்னேன். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மா, "பொண்ணு கால் கறுத்தாலும் பரவாயில்லை, உங்க ரூலுக்கு ஒரு கீறல் விழக் கூடாது, அப்படித்தானே" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். காலையில் அலுவலகத்து வெப்பமானியால் நம் சமையலறைத் தரையை அளந்து பார்த்தேன். ஐம்பத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது பதினைந்து செல்சியஸ். உன் புண்ணுக்கு அந்தத் தரைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

என்னோடு பேச வேண்டாம். கிளம்பிவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எழுது. மதியத்துக்குள் அது வராவிட்டால், மாலை நெவார்க்கிலிருந்து புறப்படும் விமானத்தில் வருவேன். வந்து ஆடிட்தான் செய்வேன். நீ நீண்ட ஆயுளோடும், பத்து விரலுக்கும் சூடு தெரிந்தும் வாழ அம்மாவும் நானும் மனமார ஆசீர்வதிக்கிறோம். பிளாஸ்டரை மாற்று, காலுறை போடு, போர்வைக்குள் ஒளிக்காதே.

உன் அப்பா,
ராமசுப்ரமணியன்

பி.கு.: நீ விட்டுச்சென்ற கம்பளிச் செருப்பு இப்போது வீட்டுக்குள், சமையலறை வாசலில் இருக்கிறது. அம்மா எடுத்து வைத்தாள் என்று நினைத்துவிடாதே. அவள் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை.