நான்கு விரல் படி

ஜூன் 3, திங்கள்

மாவட்ட எஞ்சினியர் டெட்டே பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். வந்தவர் என் தலைமையாசிரியை அறைக்கு முன்னால் தடுக்கி விழுந்தார். கட்டடத்தின் நட்டநடுவில் தரை நான்கு விரல் ஏறுகிறது. எச்சரிக்கைப் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். எல்லோரும் அதைப் படித்துக்கொண்டேதான் விழுகிறார்கள்.

"ஒண்ணாம் கம்பெனி பக்கம்!" என்று மூன்றாம் வகுப்பு முழுக்கக் கத்தியது. யார் விழுந்தாலும் எந்தக் கம்பெனி கட்டிய பாதியில் என்று கத்துவது வழக்கம். மானம் போயிற்று.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே மேலே பார்த்தார். கூரை முகடும் அதே இடத்தில்தான் ஒடிந்தாற்போல் இருக்கிறது. "பாதிக் கட்டடம் மண்ணுல இறங்குதும்மா. பிள்ளைங்க தலைல விழறதுக்குள்ள இடிச்சிடணும்" என்றார்.

இடிப்பதா? நூறு வருஷத்துக்கு மேல் நின்ற சுவர். வெயில் காலத்திலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். இதற்குப் பதில் தகரக் கொட்டகைதான் வரும்.

வீட்டுக்காரர் எக்கோவிடம் சொன்னேன். ஒன்றாம் கம்பெனிக்காரர்; இடிப்பது அவர் காதிலேயே விழவில்லை. "நம்ம பக்கமா விழுந்தாரு? நல்ல மனுஷன்!" என்கிறார்.

ஜூன் 4, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு, படகு இறங்காது. ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று ஊர்க்காவல் படைகளான இரண்டு அசாஃபோ கம்பெனிகளின் தலைவர்களையும் போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இந்த இரண்டு படைகளும்தான் ஆளுக்கொரு முனையில் தொடங்கிப் பாதிப் பாதியாகப் பள்ளியைக் கட்டின.

இரண்டாம் கம்பெனிக்குத் தலைவர் என் பெரியப்பா எசில்ஃபி. "ஒண்ணாம் கம்பெனிக்காரன் கட்டினது இறங்காம என்ன பண்ணும்? இடிக்கட்டும், ஊரே பார்க்கட்டும்" என்றார்.

ஒன்றாம் கம்பெனித் தலைவர் ஓட்டூ அதையே திருப்பிச் சொன்னார். "இறங்கினது உங்க பெரியப்பன் பாதி. நீயும் அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, உனக்கு எப்படித் தெரியும்?"

கம்பெனி அப்பா வழியில் வருவது; கல்யாணம் ஆனாலும் மாறாது. என் வீட்டிலேயே நான் ஒருத்திதான் இரண்டாம் கம்பெனி. புருஷனும் பிள்ளைகளும் ஒன்று. என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜூன் 6, வியாழன்

ஒரு சந்தேகம். பாதி இறங்கியிருந்தால் சுவர் விரிசல் விட வேண்டாமா? தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

ஜூன் 8, சனி

ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறினேன். இந்த உடம்போடு! கீழே ஏணியைப் பிடித்திருந்த எக்கோ, "விழறதா இருந்தா முன்னாடியே சொல்லு, நான் தள்ளி நிக்கணும்" என்றார்.

வௌவால் எச்சம், தூசி, தும்மல். ஆனால் பார்த்துவிட்டேன்! இரண்டு பாதிகளின் உத்திரமும் சந்திக்கும் இடத்தில், உயர்ந்ததன் முனையை நான்கு விரல் அளவுக்குப் படிபோலச் செதுக்கித் தாழ்ந்ததன்மேல் கச்சிதமாக உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய நீலச் சாயம் அந்த இணைப்பின்மேல் வெடிக்காமல் ஓடுகிறது. பின்னால் இறங்கியிருந்தால் சாயம் பிளந்திருக்குமே!

எதுவும் இறங்கவில்லை. கட்டும்போதே கோணல்.

ஜூன் 10, திங்கள்

எஞ்சினியரும் ஏறிப் பார்த்தார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்து, "நான் சொன்னது தப்புதாம்மா. இது பிறவிக் கோணல்" என்றார். தங்கமான மனிதர். இடிக்க வேண்டாமாம். ஆனால் நடுத் தரையைச் சமமாக்க வேண்டும். அதற்கு ஊர் ஆள் கொடுக்க வேண்டும்.

ஆள் என்றால் இரண்டு கம்பெனியும். அவர்கள் தாத்தாக்கள் கட்டியதைக் கோணல் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். இதற்கு ஏணியிலிருந்தே விழுந்திருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

கூட்டம். சொன்னேன். பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க தாத்தாவுக்கு அளக்கத் தெரியாதுங்கிறியா?"

"நல்லாத் தெரியும் பெரியப்பா. ரெண்டு பேருக்குமே தெரியும். ஆளாளுக்கு அவங்கவங்க அளவுக் கயிறுல அளந்தாங்க. அடுத்தவன் கயிறைத் தொட மாட்டேன்னுட்டாங்க, அவ்வளவுதான்."

திடீரென்று ஓட்டூ தொடையில் தட்டிச் சிரித்தார். "அது எங்க தாத்தாதான்! செத்தாலும் தொட மாட்டாரு!"

பெரியப்பாவுக்குப் பொறுக்குமா? "எங்க தாத்தா மட்டும் தொட்டிருப்பாரா? அந்தக் கயிறு இருக்கிற திசையையே பார்த்திருக்க மாட்டாரு!"

பிறகு ஒரே போட்டி, யார் தாத்தா பெரிய வீம்புக்காரர் என்று. அந்தச் சூட்டிலேயே இரண்டு பேரும் ஆள் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். பள்ளி பிழைத்தது. வாசலில் நின்று அழுதேன், சிரிப்பும் வந்தது.

ஜூன் 18, செவ்வாய்

வேலை. அவன் மணல் வேண்டாமென்று இவனும், இவன் மணல் வேண்டாமென்று அவனும். கென்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும்கூடத் தனித்தனிப் பானையில்தான். எஞ்சினியர் மட்டும் இரண்டு பானையிலும் சாப்பிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

சிமெண்ட் காய்ந்துவிட்டது. காலையில் வழக்கம்போல் நான்கு விரலுக்குக் காலைத் தூக்கி வைத்தேன். தொப்பென்று விழுந்தேன். உட்கார்ந்தபடியே தரையைத் தடவிப் பார்த்தால், படி இன்னும் இருக்கிறது! இரண்டு விரல். இந்த முறையும் ஆளாளுக்கு அவரவர் கயிறு.

பரவாயில்லை. நூறு வருஷத்தில் இரண்டு விரல் குறைந்திருக்கிறது. இன்னும் நூறு வருஷம் நின்றால் சமமாகிவிடும். நிற்கும்.

சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி எக்கோ கேட்டார், "அது சரி, எந்தப் பக்கம் விழுந்தே?"

"உங்க பக்கம்தான்" என்றேன்.

மனிதர் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருக்கிறார்.