குட்டைக்குள் எரிந்த இண்டிகேட்டர்

மாசி 9, ஞாயிறு

மாமா இரண்டு வருடமாக ஷெட்டில் வைத்துச் செய்த பேட்டரி கார் இன்று தண்ணீருக்குள் ஓடியது. பிச்சாவரம் போகும் வழியில், இறால் வளர்ப்பதை விட்டுவிட்ட ஒரு குட்டையில்தான் ஓட்டினார். கூரையில்லாத கார். காற்று சிலிண்டரை முதுகில் கட்டி, முகமூடி மாட்டிக்கொண்டு, கரைச்சரிவில் மெதுவாக இறக்கினார். ஸ்டியரிங் மூழ்கியது. பிறகு அவர் தலையும் மூழ்கியது.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு கலங்கலில் அதுவும் தெரியவில்லை. தலை துவட்டக் கொண்டுபோன துண்டைப் பிழிந்துகொண்டே நின்றேன். அது நனையவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது தண்ணீருக்கடியில் மஞ்சளாக ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. வலது இண்டிகேட்டர். யாருமே இண்டிகேட்டர் போடாத முதுநகர் கடைத்தெருவில்கூட அதைப் போடாமல் திரும்பாத மனுஷர். திரும்பி வருகிறார் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கரையேறியதும், "உள்ள எந்த பஸ்ஸு வருதுன்னு இண்டிகேட்டர் போட்டீங்க?" என்று கத்தினேன்.

"நீ பாத்துக்கினு நிப்பியேன்னுதான்" என்றார்.

நான் அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆழம் இன்னும் ஜாஸ்தியாம். பெரிய பல்பாகப் போடச் சொல்ல வேண்டும்.