படிக்கட்டுக்குக் கீழே மாயாவின் வண்டி

அன்பு மகள் கார்குழலிக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் மருமகன் ஆன்றோவும் குழந்தை மாயாவும் நலமாக இருக்க வேண்டும். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அம்மாவிடமும் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன முறை ஊருக்கு வந்தபோது நீ விட்டுப்போன ஸ்ட்ரோலர் படிக்கட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. நம் வீட்டு வாசலுக்குள்ளேயே நுழையாத அவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று முதல் நாள் நான் முகம் சுளித்தது உண்மை. மறுநாளிலிருந்து மாயாவை அதில் உட்காரவைத்து, கண்டெய்னர் லாரிப் புழுதி படாமல் கூரையை இழுத்துவிட்டு, காலடிப்பேட்டையிலிருந்து தேரடி வரை தள்ளிப் போனவனும் நான்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

உன் கல்யாணத்தில், கடை வைத்திருக்கும் திமிரில் உன் மாமனார் நம் ஜனங்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளியதை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் கேரம் கிளப்பில் எல்லார் முன்னாலும், அந்தக் கடைக்காரன் வீட்டு வாரிசின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு மருந்துக் கடை வாசலில் கிளப்பில் கூட ஆடும் பீம்ராவ் என்னை மடக்கி, "இன்னா மாமு, மூஞ்சியே பாக்க மாட்டேன்னியே, இப்ப வண்டி தள்ளிகினு வர்றே? யார் வூட்டுப் புள்ள இது?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, "எதிர்வூட்டுப் புள்ளடா" என்றேன். நீ மருந்து வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தாய். மாயாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாய். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். மறுநாளே ராயபுரத்தில் மாமனார் வீட்டுக்குப் போய், அங்கிருந்தே விமானம் ஏறிவிட்டாய்.

உன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாமல் இருந்தது. உன் மாமனார் வீட்டார்தான் உன் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்று நம்பி, கல்மண்டபத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் உன் மாமியாரைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ண மாத்திட்டு இன்னாமா நல்லவ மாதிரி நிக்கிறே" என்று சண்டை போட்டிருக்கிறாள். அந்த அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லையாம். நீ அவர்களிடம் சொல்லியிருப்பாய். என் பெயர் கெடக் கூடாதென்று பேச்சை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் எந்த வீட்டை இத்தனை நாள் கரித்துக்கொட்டினேனோ அந்த வீட்டு அம்மா. வெட்கத்தில் அன்று சோறு இறங்கவில்லை, குழலி.

இன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீயெல்லாம் ஒரு தாத்தாவா" என்றாள். ராயபுரம் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டாள். கிளப்பிலும் போய், அது என் பேத்திதான் என்றேன். பீம்ராவ் காயை அடித்துக்கொண்டே, "எங்களுக்குத் தெரியாதா நைனா, மூக்கே உன்னுதுதான்" என்றான்.

மாயாவுக்குக் காது மூடிக் குல்லா போடு. ஆன்றோவை விசாரித்ததாகச் சொல். மூவரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள். என் போனை எடுக்காவிட்டாலும் அம்மாவிடம் முன்போல் பேசு.

கடைசியில் "உன் அப்பா" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தப் பேத்தியை நடுத்தெருவில் இல்லையென்றவன் அந்த உறவைத் தானாக எழுதிக்கொள்வது சரியாகப் படவில்லை. அது நீயாகக் கூப்பிட வேண்டியது. கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.