மடியில் கொடுத்த பிள்ளை

வாடிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அப்பா எழுதுவது. அழகர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் அதேபோல இருக்க வேண்டும். நீ போனில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், பேச வரவில்லை. பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் உங்களிடம் மனசுவிட்டுப் பேசியது கடிதத்தில்தான், அதனால் இதையும் எழுதியே சொல்கிறேன்.

போன மாதம் நம் வாசல் கேமரா வயர் அறுந்து கிடந்தது. கேமரா தன் வீட்டு வாசலையும் பார்ப்பது எதிர்வீட்டுச் சோலைக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள், அவன்தான் அறுத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தெருவே பார்க்கக் கத்திவிட்டேன். பெயின்ட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் பதிலுக்குக் கத்தவில்லை. ‘நீங்க பார்டர்ல இருந்த அம்புட்டு வருசமும் ஒங்க வீட்டுச் சாவி எங்க வீட்டு ஆணியிலதாண்ணே தொங்குச்சு’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. உன் அம்மாவிடம் கேட்டால், ஆமாம், அதுக்கென்ன என்கிறாள். மறுநாள் கேமராக்காரர் வந்து பார்த்துவிட்டு அணில் கடித்தது என்றார். அதற்குப் பிறகும் மூன்று வாரம் நான் சோலை முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது, போவதை விட்டுவிட்டேன். பனிமலையில் கயிற்றைப் பிடித்திருப்பவன் எந்த ஊர்க்காரன் என்றுகூடக் கேட்காமல் இறங்கியவன் நான். இங்கே எதிர்வீட்டுக்காரனை ஏன் நம்ப முடியவில்லை என்று எனக்கே விளங்கவில்லை மகளே.

புதன்கிழமை மதுரையில் மிலிட்டரி கேன்டீனுக்குப் போய்விட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். சமயநல்லூரில் பெருங்கூட்டம் ஏறியது. அதில் ஒரு பெண் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ‘செத்த பிடிங்கண்ணே’ என்று கைப்பிள்ளையை என் மடியில் வைத்தாள், கூட்டம் அவளை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆறு மாதம் இருக்கும். நான் யார் எவன் என்று அவளுக்குத் தெரியாது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. வாடிப்பட்டி வந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் கொடைரோடு வரை டிக்கெட்டை நீட்டிக்கொண்டேன். அங்கேதான் அவளும் இறங்கினாள். ‘இம்புட்டு நேரம் வச்சிருந்தீகளா’ என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. துக்கமா சந்தோஷமா, இன்றுவரை தெரியவில்லை.

வந்தவன் நம் வீட்டுக்குள் போகாமல் நேரே சோலை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்ததோ பட்டாளத்து இந்தி, ‘மாஃப் கர்னா பாய்’. அவன் முழித்துவிட்டு, ‘என்னண்ணே சொல்றீக, டீ போடச் சொல்லவா’ என்றான். தமிழில் ‘அந்த வயரு’ என்பதற்குமேல் எனக்கு ஓடவில்லை. ‘அணிலுன்னு மதினி மறுநாளே சொல்லுச்சுண்ணே, ஆனா மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு’ என்றான். டீ வந்தது, பெயின்ட் விலை, அவன் மகள் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, முக்கால் மணி நேரம் தெரு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். வாசலுக்கு முதுகு காட்டக் கூடாது என்று பட்டாளத்தில் பழகியவன், ஊர் திரும்பிய இந்த நாலு வருஷத்தில் நம் வீட்டில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. இது குணமாவதா, அசட்டையாகிவிட்டேனா? நீ நர்ஸ், உனக்குத் தெரிந்தால் சொல்.

வெயிலில் அலையாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். இதை அம்மாவிடம் போனில் கேட்டுவிடாதே, எனக்கே எழுது.

உன் அப்பா,
விருமாண்டி