மடிப்புக்கு விட்ட ஓரம்

மே 4

அன்பு மருமகளுக்கு,

இத்தனையும் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மழை ஆராய்ச்சி ஆபீசில் நீ வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரைத் தட்டிக் கண்டுபிடித்ததை, உனக்கு முன்பல் விழுந்த காலத்திலேயே தகரத்தில் வெட்டிக் காட்டினேன். வருஷத்து மழை பெரிதாகக் குறையவில்லை, பெய்கிற நாள்தான் குறைந்துவிட்டது, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது என்று நீ சொன்னதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆணி வாங்க வருகிறவனும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பின்தெரு முழுவதற்கும் கூரைத் தண்ணீர் பிடிக்கும் தகர வாய்க்காலை நான் அகலமாக அடித்தது ஏன்? வானத்தைப் பார்த்தேன். வழக்கமாக நடந்து போகிற மேகம் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார், "என்னப்பா, இதுல படகு விடலாம் போலிருக்கே" என்றார். "வரப்போற மழை உங்ககிட்ட கணக்குக் கேட்டுட்டு வராது சார்" என்றேன். அப்புறம் ஒரு பகலில் கொட்டியதே, எல்லாத் தெருவிலும் வாய்க்கால் வழிந்து சுவர் ஊறியது. பின்தெருவில் ஒரு சுவர் நனையவில்லை.

உன் அத்தை இதைப் புளுகு என்கிறாள். பொறாமை.

உன் தகர மாமா


மே 19

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் வரைபடத்துக்குக் கொட்டாவி விட்டவர்கள் உங்கள் மேகத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம் நகரசபைக் கூட்டம். வடிகால்கள் எல்லாம் பழைய மழைக்குக் கட்டியவை, அகலப்படுத்துங்கள் என்று கேட்கப் போகிறேன். தலைமைப் பொறியாளர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க வடிகால் சரியாத்தாம்மா இருக்கு, உங்க மழைதான் ஒழுங்கில்ல." இந்த முறை விட்டால் பல வருஷத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

அதனால் உங்கள் கதையோடு ஆரம்பிக்கிறேன். நீங்களும் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவு அகலம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவர் கட்டாயம் கேட்பார்.

அத்தையிடம் சொல்லுங்கள், நான் உங்கள் கட்சி.

உங்கள் வாலு


மே 27

அன்பு மருமகளுக்கு,

கூட்டத்துக்கு நிச்சயம் வருவேன். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுவது என் அக்கா மகள் என்று இரண்டு பக்கத்து ஆளிடமும் சொல்வேன். ஆனால் மேடைக்கு என்னைக் கூப்பிடாதே. உன் மழைக் கணக்கிலிருந்தே ஆரம்பி. அந்தப் பொறியாளர் அதில் எங்கே தட்டினாலும் ஓட்டைச் சத்தம் கேட்காது. என் கதையில் ஒரே தட்டில் கேட்டுவிடும்.

சுவர் நனையாதது சத்தியம். வாத்தியாரையே கேட்டுக்கொள். அதை நீ தாராளமாகச் சொல்லலாம். அகலத்தைக் கேட்டாயே, அதில்தான் சங்கடம். ஓரத்தை மடிக்கத் தகரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடுவோம். தகரத்தின் மேல் வைத்து அளவு கீறும் அச்சுப் பலகையிலேயே அந்தக் கூடுதல் சேர்ந்திருந்தது. அதை மறந்துபோய் நானும் இன்னொரு முறை விட்டு, தெரு முழுவதற்குமான தகரத்தையும் வெட்டி முடித்துவிட்டேன். வாத்தியார் கேலி செய்ததும் வாயில் வந்ததுதான் அந்த "வரப்போற மழை".

தப்பாக வெட்டியதே அந்த மழையைத் தாங்கியது. நீ தெரிந்து சொல்கிறாய், அடித்துப் பேசு.

மேகம் ஓடவில்லை, கண்ணு. அன்றைக்கு நான் வானத்தைப் பார்க்கவேயில்லை.

உன் தகர மாமா