வண்டிக்கு வழிவிட்ட கீரைக்காரிகள்

அக்கா,

மில் விட்டுத் திரும்பும்போது, சிம்மக்கல்லில் ஈரச் சாக்கின் மேல் அரைக்கீரைக் கட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நீ போய் நாற்பது நாளாகிறது. வாங்காமல் விலையை மட்டும் கேட்டுக் கேட்டு, கடைக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மில் சங்கத்தில் கற்றுத்தந்த எழுத்தை வைத்து இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

திருமங்கலத்துப் பக்கம் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பண்ணைக்கு அடிமை. ஓடிப்போன சித்தப்பாவைப் பிடித்து வந்து மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போட்டார்கள். அது தெரிந்தும், சிம்மக்கல்லில் கீரை விற்கும் நீ, உறவுகூட இல்லாத என்னைக் கூட்டிப்போக வந்தாயே, உனக்கு எத்தனை நெஞ்சழுத்தம். கீரை வாங்க வருகிறவள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கும் ஒரு கூடை கொடுத்தாய். பண்ணைப் பெண்கள் முழங்காலுக்குக் கீழே சேலையை இறக்கக்கூடாது. நீ என் சேலையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிவிட்டாய். கூட வந்த மூன்று கீரைக்காரிகளின் பேரைக் கேட்டேன்.

"பேரு எதுக்கு? தெரியாதத யாரும் அடிச்சு வாங்க முடியாதுல்ல" என்றாய்.

வெயில் ஏறும் நேரத்தில் பின்னால் பண்ணையாரின் வில்வண்டி வந்தது. திரும்பாமல் நடக்கச் சொல்லியிருந்தாய். நானும் நடக்கத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன கால் தானாகச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கூடையை இறக்கி வைத்து, கையால் வாயைப் பொத்திக் குனிந்து நின்றேன். பண்ணை ஆட்கள் மட்டும்தான் அப்படி நிற்பார்கள். வண்டி நின்றது.

நீ என்னைத் திட்டவில்லை. "எறங்குங்கடி, ஐயா வண்டி போகட்டும்" என்று நீயும் இறங்கினாய். யாருக்கும் குனிந்தறியாத அந்த மூன்று பேரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு இறங்கி, வாய் பொத்தி நின்றார்கள். ஐந்து தலையும் ஒன்றுபோல் குனிந்திருந்தன. பண்ணையாருக்கு அந்த மரியாதை பிடித்துவிட்டது போலிருக்கிறது, வண்டி கிளம்பியது. பிறகு சிம்மக்கல் வரும்வரை கூடையை நான் கீழே இறக்கவே இல்லை.

மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அக்கா. தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளையும் கூட்டிவருவதாகச் சொன்னாய். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாளைக்கு நானே கூடை எடுத்துப் போகிறேன். அந்த மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அகப்பட்டால் எனக்கும் தங்கைக்கும் கொட்டகைதான்.

வண்டி வந்தால் தங்கையின் காலும் இறங்கிவிடும், எனக்குத் தெரியும். அவளோடு நானும் இறங்குவேன். அந்த மூவரும் அன்று உன் முகத்தைப் பார்த்து இறங்கியவர்கள். நாளை என் முகத்தைப் பார்த்து இறங்குவார்களா?