ஜீப்பில் நான் சொன்ன வார்த்தை

மஞ்சக்குட்டை,
12.2.1984

அன்புள்ள தம்பி செல்வராஜுக்கு அக்கா மருதாயி எழுதுவது.

நானும் உன் மச்சானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. படத்தில் நான் அழுததைப் போட்டுப் பார்த்து மெட்ராஸில் எல்லோரும் அசந்துபோனார்கள், டப்பிங் பேச உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அதை அடுப்பில் போடத்தான் கை போனது.

இங்கே ஷூட்டிங்குக்கு வந்த உங்கள் டைரக்டர் முதல் நாள் நல்லபடியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "கேமராவைப் பார்க்காதீங்க, தினமும் காப்பிப் பழம் பறிக்கிற மாதிரியே பறிங்க" என்றார். செய்தேன். கதாநாயகியிடம் எத்தனை அடி நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

மறுநாள் என்னைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நிற்க வைத்தார். கிளிசரின் விட்டும் அழுகை வரவில்லை. நாலு தடவை எடுத்தார்கள். ஐந்தாவது தடவை என் காதருகே குனிந்து, "ஜீப்புல உங்க சின்னான்கிட்ட 'சேலம் வந்துருச்சு கண்ணு'ன்னு சொன்னீங்களாமே, அதையே சொல்லுங்கம்மா" என்றார்.

செல்வராஜு, அன்றைக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஜீப்பில் பின்னால் என்னோடு இருந்தவன் நீ ஒருவன்தான். காய்ச்சலில் பிள்ளை மடியில் துவண்டு கிடந்தான். பாதி மலைகூட இறங்கவில்லை. பொய்யென்று தெரிந்துதான் சொன்னேன். அது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. அதை டைரக்டருக்கு எடுத்துக்கொடுக்க உனக்கு எப்படியடா மனம் வந்தது?

நான் சொன்னேன். அதன் பிறகு எனக்கு நிதானமில்லை. ஓடிப்போய், செத்த பிள்ளையென்று கிடத்தியிருந்ததன் போர்வையை விலக்கினேன். உள்ளே சுருட்டி வைத்த கோணிப்பை. எல்லோரும் கை தட்டினார்கள். நீ கிளாப் கட்டையோடு தலையைக் குனிந்து நின்றாய். "இதே மாதிரி இன்னொரு டேக்" என்றார் அவர். "ஏனுங்க, எம்பையன் எத்தன தடவ சாகோணுமுங்க?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் என் முகத்தில் விழிக்காமல் யூனிட் வண்டியில் ஏறிப் போனாய்.

மெட்ராஸுக்கு நான் வர மாட்டேன். அந்த வார்த்தையை வேறொருத்தி வாயிலும் வைக்காதே. உதட்டசைவுக்கு ஒத்த வேறு ஏதாவது போடச் சொல். முடியாது என்று டைரக்டர் சொன்னால், ஏன் முடியாது என்று அவர் எதிரில் நின்று கேள். அக்காவுக்காக ஒருமுறை வாயைத் திற.

பிள்ளை போன அன்று உன் மச்சான் ஊரில் இல்லை. கடைசியில் எப்படிப் போனான் என்று இந்த மூன்று வருஷத்தில் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஷூட்டிங்கின்போதும் அவர் கரடியூரில் வேலையாக இருந்தார். படம் சேலத்துக்கு வந்தால் முதல் ஆட்டமே போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். கொட்டகையில் ஊரோடு ஊராக உட்கார்ந்தா அவர் அதைக் கேட்க வேண்டும்?

அவரிடம் நானே சொல்லியாக வேண்டும், சாமி. தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. படம் வருவதற்குள் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்காரு. உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாமலேதான் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
மருதாயி